முத்திரை வாங்க வந்தவர்

— பத்திரத்தை நீல மையில எழுதிட்டு வந்த பொண்ணை, கறுப்புல எழுதிட்டு வான்னு அனுப்பியிருக்கீங்க. கறுப்புல எழுதிட்டு வந்தா, நீலம்தான் செல்லும்னு சொல்லியிருக்கீங்க. ஒரு நோட்டரி செய்யற வேலையா சார் இது?

— சட்டம்னு ஒண்ணு இருக்குல்ல மேடம்.

— எந்தச் சட்டம்? விசாரணை அதிகாரி நான், எங்கிட்டயே கதை விடறீங்களா?

— அப்படி ஒரு சட்டம் இல்லதான்.

— பின்ன எதுக்கு அவளை அலைய விட்டீங்க?

— உக்கார வெச்சுப் பேசினேன் மேடம், அவ்வளவுதான். அவங்கப்பா குறட்டை விடறதை அப்படியே நடிச்சுக் காட்டுவா. இந்த மாடிக்கு ஆள் வர்றதே குதிரைக் கொம்பு. முத்திரையக் குத்திக் குடுத்துட்டா அப்புறம் அவ எதுக்கு வரப்போறா?

— அந்த முத்திரை நேரத்துக்கு விழாம, அவளுக்கு வெளிநாட்டு வேலை கைநழுவிப் போச்சு. தெரியுமா?

— தெரியும். வாசல்ல நின்னு சொல்லிட்டுப் போனா. அன்னைக்கு மட்டும் உக்காரல.

— வீட்டுல யாருமில்லையா?

— சம்சாரம் போய்ச் சேந்துட்டா. பையன் போன் பண்ணுவான். ‘சாப்ட்டியாப்பா’ன்னு கேப்பான். நான் வாயத் திறக்கறதுக்குள்ள ‘சரிப்பா, வைக்கறேன்’ம்பான்.

— அதுக்கு ஊரான் வீட்டுப் பொண்ணோட பொழப்புல கை வைப்பீங்களா?

— தப்புதான் மேடம். இல்லைன்னு நான் சொல்லல.

— ஆறு மாசம் நீங்க தொழில் பண்ணக்கூடாது. முத்திரைய ஒப்படைச்சுட்டு, இந்த உத்தரவுல ஒவ்வொரு பக்கத்துலயும் கையெழுத்துப் போடுங்க.

— முத்திரை இல்லாத நோட்டரிய யாரு தேடி வருவா? ஆறு மாசமும் இந்தச் சுவத்தோடதான் பேசிட்டு இருக்கணும். பயமா இருக்கு மேடம்.

— எனக்கு அது பழகிப்போச்சு சார். விசாரணைன்னு நான் எந்த ஆபீஸுக்குள்ள நுழைஞ்சாலும் பேச்சு அடங்கிடும். நாற்காலி போடுவாங்க, பக்கத்துல யாரும் உக்கார மாட்டாங்க.

— வீட்டுலயுமா?

— வீட்டுல அடங்கறதுக்குப் பேச்சே இல்ல சார். நீங்க கையெழுத்தைப் போடுங்க.

— போட்டுட்டேன். முத்திரையும் இந்தாங்க. அவ்வளவுதானே மேடம், முடிஞ்சுதா?

— ஒரு தாள் குறையுது. நாளைக்கு எடுத்துட்டு வரேன்.

— பக்க எண் எல்லாம் வரிசையாத்தானே இருக்கு?

— இருக்கு சார். நாளைக்கு எத்தனை மணிக்கு வரட்டும்?