பிசிறில்லாத வெட்டு

ஜோதி: ...கைய காட்டு. கிரீஸு முழங்கை வரைக்கும் ஏறியிருக்குது. மொதல்ல கழுவு.

வேலாயுதம்: கழுவலாம் இரு. தெருவுல தண்ணி சத்தம் கேக்குதா?

ஜோதி: கேக்காம? கொடத்தோட கொடம் இடிச்சிக்குது. கோவிந்தம்மா சண்டையே ஆரம்பிச்சிட்டா.

வேலாயுதம்: போடட்டும். சண்ட போடற அளவுக்கு தண்ணி வந்திச்சே.

ஜோதி: மெயின் ரோட்லேந்து சொமந்த இடுப்புக்குத்தான் இந்த அரும தெரியும். தெரு போரு மோட்டாரு செத்துப்போச்சின்னு நாங்க சொல்லாத மெக்கானிக்கு இல்ல. நம்ம தெருவுன்னா வர்றேன்னு சொல்வாங்களே ஒழிய, எவன் வர்றான்? ஆட்டோக்காரனே சாக்கடைய பாத்துட்டு முனையிலயே எறக்கி உட்டுட்றான்.

வேலாயுதம்: பேரிங் போயிருந்திச்சி, அவ்ளோதான். அப்துல் சமத் பாய் கடையில ஒண்ணு கெடச்சிச்சி. தோல் பதப்படுத்தற ஷாப்புல டிரம்மு சுத்தற மோட்டாரையே கட்டி மேய்ச்சவன் நானு. இது எனக்கு ஜுஜுபி.

ஜோதி: மேய்ச்சவருதான்... வருசம் பூரா பாயில செவுத்த பாத்து படுத்திருந்தாரு.

வேலாயுதம்: சோப்பு எங்க வெச்ச?

ஜோதி: சும்மா சொன்னேன்யா.

வேலாயுதம்: சொல்லு. உண்மதான? ஷாப்ப மூடினதும் கைய கால யாரோ கழட்டி எடுத்துகினு போன மாதிரி ஆயிடிச்சி. நான் மட்டுமா? மெர்சி புருசன் ஜோசுவா, அவனும் வாசப்படி தாண்டல. இன்னிக்கி மோட்டார போருலேந்து தூக்க அவன்தான் மொதல்ல கயிறு புடிச்சான், பாத்தியா?

ஜோதி: பாத்தேன். மெர்சி அழுதுட்டா. அதெல்லாம் சரி, உன்ன எழுப்புனது வஹீதா ஊட்டு மிக்ஸி. அத மறந்துடாத.

வேலாயுதம்: மறப்பனா? மொதல்ல பக்கத்து ஊட்டு வஹீதா மிக்ஸி. அப்பறம் மெர்சி அயர்ன் பாக்ஸு. அப்பறம் கோவிந்தம்மா ஃபேனு. இந்தத் தெருவுக்கே சனி புடிச்சிகிச்சி.

ஜோதி: கரண்டு ஏறி ஏறி எறங்குதில்ல...

வேலாயுதம்: அதுக்கு ஒயரு அறுமா?

ஜோதி: எலி கடிச்சிருக்கும்.

வேலாயுதம்: எலி கடிச்சா பிசிறு பிசிறா இருக்கும் ஜோதி. இது ஒரே வெட்டு. நூலு வெட்டற கத்திரியில வெட்னது.

ஜோதி: யாரு... யாரு வெட்டப்போறா?

வேலாயுதம்: வஹீதா மிக்ஸி ஒயர்ல வெட்டின நுனிய லைட்டர்ல சுட்டு, அழகா உருட்டி வேற வெச்சிருந்திச்சி. எந்த ஊரு எலி லைட்டர் வெச்சிருக்குது?

ஜோதி: ஐயோ... சிரிக்காதய்யா. நான் வெட்டுன்னு மட்டும்தான் சொன்னேன். வஹீதாதான் சுட்டு வேற...

வேலாயுதம்: ரெண்டு பேருக்கும் ஷூ கம்பெனி கை. ஷூ மேல்தோலு அப்பர்ல நூலு தொங்குனா சூப்பர்வைசர் திட்டுவான்னு வெட்டி வெட்டி, சுட்டு சுட்டு பழகிப்போச்சி. ஒரு சாமான கெடுக்க சொன்னாக்கூட ஃபினிஷிங் குடுத்துதான் கெடுக்கறீங்க.

ஜோதி: அப்ப... மொத நாளே தெரியுமா உனக்கு?

வேலாயுதம்: மொத மிக்ஸியிலயே.

ஜோதி: அடப்பாவி. உனக்கு தெரிஞ்சிட்டா திரும்பவும் போயி படுத்துடுவியோன்னு நாங்க உயிர கையில புடிச்சிகினு இருந்தோம். கோவமே வரலியா?

வேலாயுதம்: வந்திச்சி. என்ன கொழந்தைன்னு நெனச்சிட்டாளுங்களான்னு மிக்ஸிய தூக்கி வீசத்தான் பாத்தேன். ஏன், இந்த மோட்டாரையும் நீங்கதான் கெடுத்தீங்களா?

ஜோதி: சத்தியமா இல்ல. அது தானா செத்தது. அதுக்கு நீயும் தானா போன, யாரும் கூப்புடல. அதான்யா எங்களுக்கு சந்தோசமே.

வேலாயுதம்: எல்லாருக்கும் சந்தோசம். உனக்கு?

ஜோதி: எனக்கின்னா? நான் நல்லாத்தான இருக்கேன்.

வேலாயுதம்: கம்பெனி பஸ்ஸு எறங்கி வந்து, சோறாக்கி வெச்சிட்டு, தலகாணிய வாயில அமுக்கிகினு அழுதது யாரு? செவுத்த பாத்து படுத்தவனுக்கு காது செவுடாயிடல.

ஜோதி: ...கேட்டுச்சா உனக்கு?

வேலாயுதம்: கேட்டுச்சி. ஷாப்பு மூடறதுக்கு முன்னாடியே நீ பேசறது கம்மியாயிடிச்சி. திரும்பி இன்னாம்மேன்னு ஒரு வார்த்த கேக்கத்தான் தெம்பில்ல எனக்கு. நீ டாக்டராண்ட போலாம்னு கெஞ்சின, நான்தான் எனக்கின்னா பைத்தியமான்னு கத்தினேன். வர்ற செவ்வாக்கெழம போலாம். நீயும் வரணும்... என் தொணைக்கில்ல, உன்னையும் காட்டணும்.

ஜோதி: சரி... வர்றேன். கண்ண தொடைக்காத, கையெல்லாம் கிரீஸு. ஒண்ணு மட்டும் சொல்லு. அந்த மிக்ஸிய ஏன் வீசல?

வேலாயுதம்: கைய ஓங்கிட்டேன் ஜோதி. அப்பதான் செவுத்துக்கு அந்தப்பக்கம் நீயும் வஹீதாவும் நாளைக்கு எத வெட்டலாம்னு பேசிகினு இருந்தீங்க. நீ சிரிச்ச... வயித்த புடிச்சிகினு சிரிச்ச. அந்த சத்தத்த கேட்டு எத்தினி வருசமாச்சி. இத ரிப்பேர் பண்ணி குடுத்தா நாளைக்கு இன்னொண்ண வெட்டுவீங்க, நீ இன்னொரு வாட்டி சிரிப்பன்னுதான் எழுந்து ஒக்காந்தேன்.