ஓடு இறக்கிய பள்ளிக்கூடம்

சைகோன் முருகன் கோயிலில் பொங்கல் வாங்க வரிசையில் நின்றேன். முன்னால் நின்றவர் ஊருக்குப் போய்விட்டு அன்று காலைதான் விமானத்தில் திரும்பியிருந்தார். பொங்கல் வாங்கிக்கொண்டு வந்த மைத்துனரைக் கண்டதும் கூவினார்:

“மச்சான், நம்ம ஹைஸ்கூலு மண்டையைக் கழட்டிட்டோம்!”

“என்ன அயித்தான் சொல்றிய? இடிக்கப் போறாகன்னுல்ல கேள்விப்பட்டேன்!”

“நெல்லுக் கிடங்கைத்தானே அந்தக் காலத்துல பள்ளிக்கூடமாக்குனாக? உத்தரம் உளுத்திருக்கும், புள்ளைக தலையில விழும்னாரு இஞ்சினியரு. ஊரே கூடி ஓட்டை இறக்குனோம். பாத்தா, உத்தரம் அத்தனையும் பர்மாத் தேக்கு! தட்டுனா கணீர்னுது. உளுத்தது மேல அடிச்ச பனஞ்சட்டந்தான்.”

“இஞ்சினியரு?”

“அவரே ஏறிப் பாத்தாரு. சட்டத்தை மட்டும் மாத்துங்க, இடிக்க வேணாம்னுட்டாரு!”

மைத்துனர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். “பள்ளிக்கூடம் போச்சுன்னா பொம்பளப்புள்ளைய டவுனுக்கு அனுப்ப முடியாது, படிப்பை நிறுத்திருவோம்னு வீட்ல சொல்லிட்டாக, அயித்தான்.”

“யாரு நிறுத்துறது? ஓடு கைமாத்துன வரிசையில உம் மகதான் முத ஆளு! இப்ப புதுச் சட்டத்துக்குக் கீழ உக்காந்து படிக்கிறா.”

மைத்துனர் தமக்குக் கிடைத்த பொங்கலை, முன்பின் தெரியாத என் கையில் வைத்தார்.

“சாப்பிடுங்க. எம் மக படிக்கிறா.”