அறிவு கூடிப்போன ஓவன்

லோனாவ்லா லோக்கல் ரயிலின் பெண்கள் பெட்டியில், தாபோடி ஸ்டேஷன் தாண்டியதும் எதிர் இருக்கையில் தமிழ் கேட்டது. மடியில் லேப்டாப் பையோடு இருந்த இளம்பெண், பக்கத்தில் பூ கட்டிக்கொண்டிருந்த அக்காவிடம் சொன்னாள்:

"எங்க வீட்டு ஓவனுக்கு அறிவு ஜாஸ்திக்கா. அதான் இட்லி கல்லு மாதிரி வருது."

"ஓவன்ல இட்லியா?"

"மாவுக்கா. இந்த ஊர் குளிர்ல எங்க புளிக்குது? உள்ள வெச்சு, இளஞ்சூட்டுக்கு லைட்டை மட்டும் போட்டு விடுவேன். பழைய ஓவன்ல அது பேசாம எரியும். இது ஸ்மார்ட்டாச்சே! நான் மறந்துட்டேன்னு நெனச்சு அதுவே லைட்டை அணைச்சுட்டு, 'மின்சாரம் மிச்சம், வாழ்த்துகள்'னு போனுக்கு மெசேஜ் அனுப்புது."

"சொன்ன பேச்சு கேக்காததுக்குப் பேரு ஸ்மார்ட்டா? யாரு வாங்கினது?"

"அவர்தான். ஆஃபீஸ்ல இருந்தே ஆன் பண்ணலாமாம். உள்ள பாத்திரத்த யாரு வைப்பான்னு கேட்டேன். கோவம் வந்துருச்சு."

"இப்ப மாவுக்கு என்ன பண்றே?"

"வைஃபை பெட்டி நாள் பூரா சூடாவே இருக்குல்ல? நேத்து அது மேல தூக்கி வெச்சேன். மாவு பொங்கி வழிஞ்சு பெட்டிக்குள்ள இறங்கிடுச்சு. காலையில நெட் இல்ல. ஓவன், ஃபிரிட்ஜ், கேட்டா பதில் பேசுற டப்பா எல்லாம் வாயை மூடிக்கிச்சு. அவரும்தான்."

அக்கா சிரித்து ஓய்வதற்குள் சின்ச்வட் வந்துவிட்டது. "இட்லி எப்படி வந்துச்சு?"

"பஞ்சு மாதிரிக்கா!" பையை மாட்டிக்கொண்டு எழுந்தாள். "இன்னிக்குப் புதுப் பெட்டி வாங்குறார். குண்டான் ஆடாம நிக்கிற மாதிரி, மேல தட்டையா இருக்கறதா பாத்து வாங்கச் சொல்லியிருக்கேன்."