அண்ணன் தங்கை சிலை

அருங்காட்சியகத்துக்குப் போகிறவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது செருப்பு. பளிங்குத் தரை பார்க்க அழகாக இருக்கும். இரண்டு மணி நேரம் நின்றால் குதிகால் கழன்று போகும். அடிப்பாகம் மெத்தென்று இருக்கிற செருப்புதான் சரி. நானும் பாப்பாவும் ஆறு வருடம் ஒரு ஞாயிறு விடாமல் போனவர்கள் என்பதால் சொல்கிறேன்.

எனக்கு இந்த ஊர் மொழி நன்றாகவே தெரியும் அம்மா. ஆனால் இதைத் தமிழில் சொன்னால்தான் ஒழுங்காக வரும் என்று தோன்றியது. அதனால்தான் மொழிபெயர்க்க ஆள் வேண்டும் என்று கேட்டேன். அதிகாரிக்கு அப்படியே மாற்றிச் சொல்லுங்கள். நான் நிதானமாகவே பேசுகிறேன்.

பாப்பா என் தங்கை. என்னைவிடப் பதினோரு வயது சின்னவள். அப்பாவும் அம்மாவும் ஒரே விபத்தில் போனபோது அவளுக்கு எட்டு வயது. அவளுக்குத் தலை பின்னிவிடக் கற்றுக்கொண்டேன், சோறு பொங்கக் கற்றுக்கொண்டேன். இங்கே எனக்கு வேலை கிடைத்த இரண்டாம் வருடம், அவள் பள்ளிக்கூடம் முடித்ததும், அவளையும் அழைத்துக்கொண்டேன். ஓட்டல்களின் படுக்கை விரிப்புகளை வெளுத்து அனுப்புகிற சலவைக் கூடத்தில் எனக்கு வேலை. ஈர மூட்டைகளைத் தோளில் சுமந்து வந்து, கொதிக்கிற உருளைக்குள் விரிப்பை ஒவ்வொன்றாக விட வேண்டும். அதே கூடத்தில் மடிக்கிற மேசையில் அவளுக்கும் இடம் பிடித்துக் கொடுத்தேன். ஒரே நேரத்துக்குப் போவோம், ஒரே நேரத்துக்குத் திரும்புவோம். ஒரே அறை, நடுவில் ஒரு திரை.

குளிர்காலத்தில் அந்த அறை உறைந்து கிடக்கும். அருங்காட்சியகத்தில் சூடு சீராக இருக்கும். அப்படித்தான் போக ஆரம்பித்தோம். ஒரு ஞாயிற்றுக்கு ஒரு கூடம். பானைகள், கவசங்கள், தலையில் மயிரே இல்லாத ராஜாக்களின் படங்கள். சுவரில் ஒட்டியிருக்கும் குறிப்பை நான் படித்து அவளுக்குச் சொல்வேன். அவளுக்கு இந்த மொழி வராது. வகுப்புக்குப் போகட்டுமா என்று ஒருமுறை கேட்டாள். நான் இருக்கும்போது உனக்கெதற்கு என்று சொன்னேன். அதோடு விட்டுவிட்டாள். குறிப்புகளில் பெரும்பாலும் உப்புச்சப்பு இருக்காது. எந்த வருடம் தோண்டினார்கள், யார் கொடுத்தார்கள் என்றுதான் இருக்கும். நான் கொஞ்சம் மாற்றிச் சொல்வேன்.

ஒரு கூடத்தில் இரண்டு கல் உருவங்கள் பக்கத்தில் பக்கத்தில் மல்லாந்து படுத்திருக்கும். ஓர் ஆண், ஒரு பெண், கை கோத்தபடி. அண்ணன் தங்கை என்று பாப்பாவிடம் சொல்லியிருந்தேன். ஊரே அழிந்தபோதும் ஒருவர் கையை ஒருவர் விடாதவர்கள் என்று. எந்தக் கூடத்துக்குப் போனாலும் கடைசியில் அங்கே வந்து பத்து நிமிடம் உட்காருவாள்.

ஒரு ஞாயிறு, நீல உடுப்புப் போட்ட ஒருவர் பக்கத்துச் சிலையின் பீடத்தை அளந்துகொண்டிருந்தார். நாங்கள் பேசுவது காதில் விழுந்து திரும்பினார். அவரும் தமிழர்தான்.

"தப்பா நினைக்காதீங்க. அது அண்ணன் தங்கச்சி இல்லீங்க, புருஷன் பொண்டாட்டி. கல்லறை மேல வைக்கிறது. குறிப்புல மொத வரியே அதுதான்."

பாப்பா என்னைப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். "இத்தனை வருஷமா எங்கிட்ட கதை விட்டுட்டு இருந்தியா அண்ணா?" என்றாள். வாயைப் பொத்திக்கொண்டும் சிரிப்பு நிற்கவில்லை. அந்த நீல உடுப்புக்காரரும் சிரித்தார். நானும் சிரித்தேன். பொசுக்கென்று கோபப்படுகிற ஆள் இல்லை நான்.

அதிலிருந்து நாலாவது மாதம், அவரைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னாள். சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். கொஞ்சம் யோசி என்று சொல்லி அவள் கையைப் பிடித்தேன். மூட்டை தூக்குகிற கை, சற்று அழுத்திப் பிடித்துவிட்டேன் போலிருக்கிறது. சுண்டுவிரல் முறிந்தது. மற்ற நாலு விரலுக்கும் ஒன்றும் இல்லை. கட்டுப்போட நானே அழைத்துப் போனேன். கதவிடுக்கில் மாட்டிக்கொண்டது என்று டாக்டரிடம் நானே சொன்னேன். அவள் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. எங்களுக்குள் அவ்வளவு ஒட்டுதல்.

கல்யாணத்தை நான்தான் முன்னின்று நடத்தினேன். மாப்பிள்ளையைப் பற்றி நீங்கள் விசாரித்திருப்பீர்கள். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். நானும் சொல்ல மாட்டேன். சிலைகளை இடம் மாற்றுவதும் பீடத்தில் நிறுத்துவதும் அவர் வேலை. கல்லைக் கைக்குழந்தை மாதிரி பிடிப்பார். ஞாயிறு தவறாமல் என்னையும் கூப்பிடுவார். மூன்று பேராகப் போவோம். அவர் பாப்பாவுக்கு வீட்டில் எழுத்துச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவளே குறிப்புக்கு முன்னால் நின்று எழுத்துக்கூட்டிப் படிப்பாள். ஒரு வார்த்தை தட்டினால் அவரைத் திரும்பிப் பார்ப்பாள். நான் பெஞ்சில் உட்கார்ந்து அவர்கள் பைகளைப் பார்த்துக்கொள்வேன்.

ஏழெட்டு மாதம் கழித்து பாப்பாவின் முழங்கைக்குக் கீழே ஒரு கன்றல் பார்த்தேன். நீலமும் பச்சையுமாக, உள்ளங்கை அகலம். அடுத்த வாரம் கெண்டைக்காலில் ஒன்று. அதற்கடுத்து தோளில், ரவிக்கை விளிம்பில்.

"தெரியலண்ணா, தானா வருது. எங்கயாவது இடிச்சிருப்பேன்" என்றாள்.

மாப்பிள்ளையைத் தனியே கேட்டேன். "எனக்கும் பயமாத்தான் இருக்கு மச்சான். டாக்டர்கிட்ட போலாம் போலாம்னு நச்சரிச்சிட்டே இருக்கேன், கேக்க மாட்டேங்கறா. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றார்.

அடி வாங்குகிறவளும் அப்படித்தான் சொல்வாள்; அடிக்கிறவனும் அப்படித்தான் சொல்வான். இரண்டு பேரும் ஒரே மாதிரி சொன்னதுதான் எனக்கு உறுத்தியது.

அவர் அடித்ததைப் பார்த்தேனா என்று அதிகாரி கேட்கிறார். பார்க்கவில்லை. சத்தம் கேட்டதா? இல்லை. அவளாவது சொன்னாளா? இல்லை. மூன்றுக்கும் இல்லை என்றே எழுதிக்கொள்ளுங்கள். நான் எதையும் கூட்டிச் சொல்கிறவன் இல்லை.

திங்கட்கிழமை அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. அன்று வரச் சொல்லி மாப்பிள்ளைதான் கூப்பிட்டார். "கொஞ்ச நாளா உங்க முகமே சரியில்ல மச்சான். கூட்டம் இருக்காது, வாங்க. புதுசா ஒண்ணு வந்திருக்கு, பாப்பாவுக்கே இன்னும் காட்டல. மொதல்ல நீங்க பாருங்க." சலவைக் கூடத்தில் லீவு சொல்லிவிட்டு காலை பத்து மணிக்குப் போனேன். சாமான் இறக்குகிற பின்வாசல் வழியாக உள்ளே அழைத்துப் போனார். தலைக்கவசமும் கையுறையும் கொடுத்தார். எனக்குப் பொருந்துகிற கையுறை கிடைக்கும்வரை மூன்று பெட்டி தேடினார்.

ஒரு போர்வீரனின் கற்சிலை. தலையும் வலது கையும் இல்லை. இடுப்புவரை இருந்ததே அரை டன் எடை என்றார். பீடத்தில் ஏற்றியாகிவிட்டது, அடியில் ரப்பர் அட்டை ஒன்றைச் சொருக வேண்டும். அவருடைய கூட்டாளி டீ குடிக்கப் போயிருந்தார்.

"ரெண்டு நிமிஷ வேலை மச்சான். இந்தக் கடப்பாரையை அமுக்கிப் பிடிச்சீங்கன்னா கல்லு விரக்கடை தூக்கும். நான் அட்டையை உள்ள தள்ளிடறேன். கை உள்ள இருக்கும், விட்றாதீங்க."

அமுக்கினேன். கல் மேலெழும்பியது. இடுக்குக்குள் பார்வை சரியாகப் படவில்லை என்று அவர் தலைக்கவசத்தைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டு, கன்னத்தைப் பீடத்தோடு ஒட்டிக் குனிந்தார். வலது கை மணிக்கட்டுவரை உள்ளே போனது.

நான் விட்டேன்.

காய்ந்த சுள்ளிக் கட்டை மிதித்தால் ஒரு சத்தம் வருமே, அதுதான். அவர் அலறினார். வெளியே யாருக்கும் கேட்கவில்லை. அந்தச் சுவர்கள் அவ்வளவு கனம். "கம்பிய அமுக்குங்க மச்சான், அமுக்குங்க" என்றார். கை வழுக்கிவிட்டது என்றே நினைத்தார். அப்போதுகூட என்னைத் திட்டவில்லை. "பரவால்ல, பதறாதீங்க, மெதுவா அமுக்குங்க" என்றார்.

கடப்பாரையை உருவிக்கொண்டேன். அதைப் பார்த்த பிறகுதான் அவருக்குப் புரிந்தது. கையை இழுக்கப் பார்த்தார், வரவில்லை. அதனால் அவரால் நகர முடியவில்லை. முதல் அடி தோளில் பட்டது. அது என் பிசகு. ஓங்கும்போது பீடம் இடித்தது. இரண்டாவது காதுக்கு மேலே. அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. மொத்தம் மூன்று அடி என்றுதான் எனக்கு நினைவு. பிரேதப் பரிசோதனை அறிக்கையில் பதினான்கு என்று இருப்பதாக அதிகாரி சொல்கிறார். அவர்கள் எண்ணியது சரியாகத்தான் இருக்கும்.

கல் விழுந்ததை விபத்து என்று சொல்லிப் பார்க்கலாம் என்றார் வக்கீல். வேண்டாம் என்றுவிட்டேன். நான்தான் விட்டேன், தெரிந்தே விட்டேன். கூட்டாளி வரும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கையுறையைக் கழற்றி, ரத்தம் பட்ட பக்கம் வெளியே தெரியாதபடி மடித்து வைத்தேன். என் தங்கையை அடித்தவனை அடித்தேன் என்று வந்தவர்களிடம் சொன்னேன். அன்று சொன்னது அது. இன்று உங்களை வரவழைத்தது மீதியைச் சொல்ல.

அந்தத் திங்கட்கிழமைக்கு ஐந்து வாரம் முன்பே நான் பேசிப் பேசி பாப்பா டாக்டரிடம் போய் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தாள். மருத்துவமனைப் பதிவில் அவளுடைய பழைய முகவரிதான் இருந்தது, அதாவது என் அறை. போன் நம்பரும் என்னுடையது. "லெட்டர் அங்கதான் வரும்னாங்க அண்ணா, வந்தா என்னன்னு படிச்சுச் சொல்லு" என்றாள்.

கடிதம் வந்தது. படித்தேன். ரத்தத்தில் ஒரு நோய் இருப்பதாகவும், கன்றல்கள் அதனால்தான் வருகின்றன என்றும், ஒரு வாரத்துக்குள் அவசியம் வர வேண்டும் என்றும் எழுதியிருந்தது. சுவரில் ஒட்டுகிற குறிப்பு மாதிரிதான், நாலே வரி. எல்லாம் சரியாக இருக்கிறது, சத்து மாத்திரை போதுமாம் என்று பாப்பாவிடம் சொன்னேன். மாப்பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டு, "இப்பத்தான் மச்சான் உசுரே வந்துச்சு" என்றார். மருத்துவமனையிலிருந்து இரண்டு முறை போன் செய்தார்கள். வருகிறோம் என்றேன். கடிதம் என் மெத்தைக்கு அடியில் இருக்கிறது. நீங்கள் போய் எடுத்துக்கொள்ளலாம்.

ஏன் மறைத்தேன் என்று அதிகாரி கேட்கிறார். காரணம் இல்லாமல் ஒருவரை அடிக்கிற ஆள் இல்லை அம்மா நான். அந்தக் கன்றல்கள் போய்விட்டால் எனக்கு என்ன காரணம் மிஞ்சும்?

அடக்கத்தன்று பாப்பா மூக்கில் ரத்தம் வழிய விழுந்தாள் என்றும், இன்னும் ஆஸ்பத்திரியில்தான் கிடக்கிறாள் என்றும் கேள்விப்பட்டேன். என்னைப் பார்க்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாளாம். பாவம், அவளுக்கு இப்போது மனது சரியில்லை. நர்ஸ் சொல்வது பாதி புரியாது. தலை பின்னிவிடவும் யாரும் இல்லை. கேட்டதையெல்லாம் ஒன்று விடாமல் சொல்லிவிட்டேன். ஆஸ்பத்திரியில் பார்வை நேரம் ஐந்து மணியோடு முடிந்துவிடும். நான் கிளம்பலாமா என்று அதிகாரியைக் கேட்டுச் சொல்லுங்கள்.