ரெண்டுல எது

பிரேக் கருகும் வாடை வந்தால் அந்தச் செங்கல்பட்டுப் பேருந்து நினைவில் ஏறிவிடுகிறது. முன்சீட்டில் மருத்துவமனைக் கணினி ஆட்கள் இருவர்.

"ரெண்டுல எதைக் கொல்றது, மச்சான்?" என்றான் கண்ணாடிக்காரன், ஆஸ்பத்திரியிலிருந்து வந்த போனை வைத்தபடி.

"காலங்காத்தால இன்னாடா பேச்சு?"

"ரத்த டெஸ்ட் ரிசல்ட்டு வெச்சிருக்கிற விர்ச்சுவல் மிஷினை நேத்து காப்பி எடுத்து புது சர்வர்ல புது சாஃப்ட்வேருக்கு மாத்துனேன். பழசை நிறுத்திட்டுதான் வந்தேன். ஆட்டோ ஸ்டார்ட்ட எடுக்க மறந்துட்டேன். கரண்ட் போய் வந்ததும் பழசும் தானா எழுந்துக்கிச்சு."

"ரெண்டும் ஒரே பேருல ஓடுதா?"

"ஆமா. பாதி வார்டு ரிசல்ட்டு இதுல, பாதி அதுல. ஒரு அம்மாவ ஆபரேஷனுக்குக் கூட்டினு போறாங்க. ரத்த குரூப்பு எதுல கீதுன்னே தெரில."

"ஒண்ணு குடுத்தா ரெண்டாக்கிட்டியே, நைனா." மற்றவன் சிரிக்கவில்லை.

மருத்துவமனை நிறுத்தத்தில் பேருந்து நிற்குமுன் கண்ணாடிக்காரன் குதித்தான். ஜன்னலில் தலையை நீட்டி மற்றவன் கத்தினான்.

"எதையும் அழிச்சிடாத! ரெண்டு சர்வரோட நெட்வொர்க் வயரையும் புடுங்கு. அந்தம்மாவுக்குத் திரும்ப ரத்தம் எடுக்கச் சொல்லு, ஓடு!"