கைப்பைக்குள் குண்டு

சிவகாசி பஸ்ஸில், அச்சகக் கம்ப்யூட்டரில் லேபிள் வரையும் பெண் தோழியிடம் சொன்னாள்: "குண்டு என் பையிலதான் இருக்கு."

கண்டக்டர் திரும்பினார். "வெடியோட பஸ்ல ஏறலாமாம்மா? இறங்குங்க."

அவள் ஒரு ரப்பர் உருண்டையை எடுத்துக் காட்டினாள். "மவுஸுக்குள்ள உருளுற குண்டுண்ணே. சாயங்காலம் கழட்டி வீட்டுக்குக் கொண்டு போயிருவேன். நான் இல்லாதப்ப ஒருத்தரும் மவுஸைத் தொட முடியாதுல்லா? அதான் ஏழு வருசமா உழைக்குது."

"எம்புட்டு விவரம்" என்று கண்டக்டர் அதைக் கையில் வாங்கினார்.

"பத்திரம்ணே. அது போனா மவுஸே போச்சு."

அடுத்த நிறுத்தத்துக்கு டிரைவர் பிரேக் போட்டார். உருண்டை கைநழுவிச் சீட்டுகளுக்கு அடியில் ஓடியது.

கண்டக்டர் குனிந்துகொண்டே கத்தினார்: "எல்லாரும் காலத் தூக்குங்க, குண்டு உருளுது."

ஏறுவதற்காகப் படியில் ஒரு காலை வைத்திருந்தவர் அப்படியே இறங்கிவிட்டார்.