ஷெரீஃப் தொடாத துப்பாக்கி

எங்கள் கவுண்டியில், இந்த மலை மாவட்டத்தில், எல்க் மான் வேட்டை தொடங்கும் வாரம் யாரையும் வேலைக்கு எதிர்பார்க்க முடியாது. பல் டாக்டர்கூடக் கதவைப் பூட்டிவிட்டு மலையேறிவிடுவார். அந்த வாரம் துப்பாக்கி இல்லாமல் ஊருக்குள் திரியும் ஆம்பளையை இங்கே நாய்கூட மதிக்காது. இது புரியாவிட்டால், ஐயா, நான் சொல்லப்போகிற எதுவும் உங்களுக்கு விளங்காது.

என்னை ஷெரீஃபாக, மாவட்டப் போலீஸுக்குத் தலைவனாகத் தேர்ந்தெடுத்தது இந்த ஜனங்கள், மாநில அரசு இல்லை. தலைநகரத்தில் உட்கார்ந்துகொண்டு எங்கள் தலையில் மிளகாய் அரைப்பதுதான் அவர்களுக்கு வேலை. ஒருவன் ஆபத்தானவன் என்று நீதிபதி சொன்னால் அவன் துப்பாக்கிகளைப் பறிமுதல் செய்ய வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். கவுண்டிக் கூட்டத்தில் நான் எழுந்து, "நான் இருக்கறவரைக்கும் எவன் வீட்டுத் துப்பாக்கியையும் பறிக்க மாட்டேன்" என்றேன். கூடம் அதிர்ந்தது. சின்ன வயதிலிருந்து என்னோடு வேட்டைக்கு வரும் லோவெல் ஸ்ட்ராண்ட் விசிலடித்தான். அவன் மனைவி கோரினும் கைதட்டினாள்.

அதே கோரின்தான் போன மாதம் நீதிபதியின் உத்தரவோடு என் முன்னால் வந்து நின்றாள். கழுத்தில் விரல் தடம். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது.

"ஆர்வின், அவன் துப்பாக்கி எல்லாத்தையும் எடுத்துட்டு வந்துருங்க. ஜட்ஜே சொல்லிட்டாரு."

"புருஷன் பொண்டாட்டி சண்டைக்கு ஜட்ஜு எதுக்கும்மா? மலைக்குப் போயிட்டு வந்தா தன்னால அடங்கிருவான்."

"துப்பாக்கிக் குழலை என் வாய்க்குள்ள வச்சான்."

"ஊருக்கே வாக்குக் குடுத்திருக்கேன். உனக்காக மாத்தினா எவன் என்னை மதிப்பான்?"

அவள் அழவில்லை. "அப்ப மாநில போலீஸ் நாளைக்கு வரட்டும்" என்று சொல்லிவிட்டு அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள்.

அவர்கள் ஒரு தடவை உள்ளே நுழைந்துவிட்டால் அப்புறம் வீடு வீடாக வருவார்கள். அவள் மனுவைத் திரும்ப வாங்கிக்கொண்டால் அவர்களுக்கு இங்கே வேலை இல்லை. அதனால் நேரே லோவெலிடம் போனேன்.

"அவ ஜட்ஜுகிட்ட எழுதிக் குடுத்துட்டாடா. துப்பாக்கியையெல்லாம் என் வண்டில ஏத்து, நான் பத்திரமா வச்சிருக்கேன்."

"என் பொண்டாட்டியா குடுத்தா?" என்றான். அப்புறம் மெதுவாக, "சீசனுக்கு ஒண்ணாச்சும் விட்டுட்டுப் போடா. ஊர்ல தலை காட்ட வேணாமா?" என்றான்.

நியாயமான பேச்சு. ஒன்றை விட்டேன்.

பிறகு கோரினை அழைத்துவரப் போனேன். வண்டியின் பின்பக்கத்தைத் திறந்து காட்டி, "எல்லாத்தையும் எடுத்தாச்சு, பாரு. வா, அவன்கூடப் பேசி முடிச்சுக்கலாம்" என்றேன். குவியலைப் பார்த்தாள். என் கையைப் பிடித்து, "நன்றி ஆர்வின்" என்றாள். வழியெல்லாம் தூங்கிக்கொண்டே வந்தாள், பாவம்.

அவளை அவர்கள் வீட்டுக்குள் அனுப்பிவிட்டு வாசலில் வண்டியிலேயே இருந்தேன். முதல் வெடி கேட்டது. அவள் வெளியே வந்தாள். வலது தொடை கிழிந்து தொங்க, கைகளை ஊன்றி இழுத்துக்கொண்டு, நேரே என் வண்டிக்குத்தான் வந்தாள். கைப்பிடியைப் பிடித்து ஆட்டினாள். கண்ணாடியெல்லாம் ரத்தம். என் பெயரைச் சொன்னாள்.

கதவு பூட்டியிருந்தது. அது தானாகப் பூட்டிக்கொண்டது என்று நேற்று விசாரணையில் உங்களிடம் சொன்னேன். அது பொய். அவள் வாசற்படி இறங்குவதைப் பார்த்துவிட்டு நான்தான் பூட்டினேன். என் வண்டி அரசாங்க வண்டி. ஒரு மனிதனுக்கும் அவன் மனைவிக்கும் நடுவே அரசாங்கம் நுழையக் கூடாது என்பதுதான் என் கொள்கை.

லோவெல் நிதானமாக நடந்து வந்து அவள் முதுகில் சுட்டான். பிறகு தலையில். அப்புறம் துப்பாக்கியை என் ஜன்னல் பக்கம் நீட்டி, "வாங்கிக்கோடா, ஆர்வின். வாங்கிக்கோ" என்றான்.

நான் வாங்கவில்லை. அவன் அதைத் தன் தாடைக்கு அடியில் வைத்துக்கொண்டான்.

வசந்தத்தில் தேர்தல் வருகிறது. வாக்குத் தவறாதவன் என்று இந்த ஜனங்களுக்கு என்னைத் தெரியும். கோரினும் எப்போதும் எனக்குத்தான் ஓட்டுப் போடுவாள். இருந்திருந்தால் இந்தத் தடவையும் போட்டிருப்பாள்.